அச்சுக்கு முன்னே பாரம்

எடைமேடைச் சீட்டு பவுண்டில் அச்சாகி வந்தது. மாமா அதை வாங்கி, கைபேசியில் கிலோவாக்கிப் பார்த்தார். 3,248. டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கும். வண்டியும் ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கம்பெனி எழுதி ஒட்டியது அது. என் ஃபோர்ட் எஃப்-150க்கு அது 3,175 கிலோ. 73 கிலோ கூடுதல்.

"பிரிச்சு இறக்கிப் போடுங்க மாப்ள. இப்படியே மலையேறக் கூடாதுங்க" என்றார்.

மாமா நாமக்கல்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டிக்குக் கேபினும் தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து, முகப்பில் சாமி பெயர் எழுதி அனுப்பும் ஊர் அது. மகளையும் பேத்தியையும் பார்க்க சான் ஹோசேக்கு வந்த இடத்தில், என் வீட்டு வாசலில் நின்ற பாப்-அப் கேம்பரைத்தான் அவர் முதல் வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்டோபர் தொடக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும் சியரா நெவாடாவைத் தாண்டி, அதன் கிழக்கே கிடக்கும் வறண்ட பூமிக்கு ஒரு வாரம் போவது என்று முடிவானது அப்படித்தான்.

பாப்-அப் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் இறக்கி வைக்கும் ஒரு சிறிய அறை. அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, மேலே அலுமினியத் தகடு. ஓடும்போது கூரை தாழ்ந்து, டிரக்கின் கேபினுக்குச் சற்று மேலே மட்டும் நிற்கும். நிறுத்திய பிறகு வெளிப்புறக் கொக்கிகள் ஆறையும் விடுவித்துவிட்டு, குனிந்து உள்ளே போய், முன்னும் பின்னும் இருக்கும் பலகைகளைக் கையால் தள்ளினால் கூரை எழும்பும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே கெட்டியான பூச்சுத் துணி விரியும். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். படுக்கை டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வடிவம் அமெரிக்க மேற்கில் பிறந்து வளர்ந்தது. ஃபோர் வீல் கேம்பர்ஸ் என்ற நிறுவனம் 1972இல் கொலராடோவில் தொடங்கியது. இப்போது கலிஃபோர்னியாவின் உட்லண்டில் இருக்கிறது. பக்கத்து சாக்ரமென்டோவில் ஆல் டெரெய்ன் கேம்பர்ஸ், கொலராடோவில் ஹால்மார்க், ஃபீனிக்ஸ் என்று இன்னும் சில பட்டறைகள் இதே வேலையைச் செய்கின்றன. பெரிய வண்டிகள் போக முடியாத மண் சாலைகள் அங்கே ஏராளம். அந்தச் சாலைகளின் முடிவில் இரவு தங்க வேண்டும் என்ற ஆசைதான் கூரையைத் தாழ்த்தியது, சுவரைத் துணியாக்கியது. நான் வாங்கியது ஒருவர் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. உள்ளே அதிகம் கட்டப்படாத வெறும் கூடு. பேட்டரி, குளிர்பெட்டி, ஹீட்டர் எல்லாம் பொருத்திய பிறகு அதன் எடை 498 கிலோ.

கணக்கு இப்படிப் போகிறது. டிரக் ஏற்றக்கூடிய பாரம் 748 கிலோ. கேம்பர் போக 250. நானும் மாமாவும் 130. கேஸ் சிலிண்டர் 10. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 75. மிச்சம் 35 கிலோ. அரிசி, பருப்பு, போர்வை, துணி, பாத்திரம், ஸ்பானர், காற்றடிக்கும் கம்ப்ரசர், எல்லாம் அந்த 35க்குள். வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. கேம்பரின் வெற்று எடையைச் சொல்வார்கள், டிரக்கின் இழுவைத் திறனைச் சொல்வார்கள். இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. கதவுத் தூணில் இருக்கும் அந்த ஒட்டுச்சீட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் கேம்பர் பார்க்கப் போக வேண்டும்.

பலர் செய்யும் தவறு, பின்னால் வண்டி தாழ்ந்ததும் ஸ்பிரிங்குக்குக் காற்றுப்பை வைப்பது, அல்லது கமான் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. நானும் காற்றுப்பை வைத்திருந்தேன். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இது வண்டிய நிமித்தும். தாங்குற சக்திய கூட்டாதுங்க. அச்சு அதேதான், பிரேக்கு அதேதான்" என்றார்.

எடைமேடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். பக்கவாட்டில் மாட்டியிருந்த வெயில் மறைப்பைக் கழற்றினோம், 22 கிலோ. மடக்கு நாற்காலியும் மேசையும் 14. கட்டி வைத்திருந்த விறகு 15. இரண்டாவது சிலிண்டரில் பாதி கேஸ் இருந்தது, அது 8. என் கருவிப்பெட்டி 24 கிலோ. மாமா அதைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வண்டியில் இருக்கும் போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர்களை மட்டும் ஒரு பழைய வேட்டியில் சுருட்டினார். சுருள் 5 கிலோ. மீதி 19 கேரேஜில். மறுபடி எடைமேடை: 3,170. முன் அச்சில் 1,455, பின் அச்சில் 1,715.

அந்த இரண்டு எண்களைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். மொத்தம் சரியாக இருந்தாலும் பாரம் எங்கே உட்கார்கிறது என்பது வேறு விஷயம். "பாடி கட்டறவன் முதல்ல பாக்கறது அச்சு எங்க இருக்குதுன்னுதானுங்க மாப்ள. அச்சுக்கு முன்னே பாரம் இருந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்கும்." பாரத்தின் நடு பின் அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் மிதக்கும், சரிவில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். என் கேம்பரில் தண்ணீர்த் தொட்டி முன்புறம் இருப்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. கட்டியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்றார்.

போகும் வழியில் சலினாஸ் இல்லை. ஆனாலும் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அவரை அங்கே கூட்டிப் போனேன். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தன் நாய் சார்லியோடு அமெரிக்காவைச் சுற்றிய டிரக் அங்குள்ள ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது. பச்சை ஜி.எம்.சி. பிக்கப், முதுகில் கேம்பர். அதன் பெயர் ரோசினான்டே, டான் கிஹோட்டேயின் குதிரையுடையது. அது பாப்-அப் அல்ல, கெட்டிச் சுவர் கொண்டது. அந்தப் பயணத்தில் அவர் தேவைக்குப் பல மடங்கு சாமான் ஏற்றியிருந்தார். படிக்காமல் விட்ட புத்தகங்களே 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. மாமா கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்று அந்த டிரக்கின் பின் ஸ்பிரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசெமிட்டியைக் கடக்கும் தியோகா கணவாய் 3,031 மீட்டர். பனி விழத் தொடங்கினால் நவம்பரில் மூடிவிடுவார்கள், மே கடைசி வரையிலோ ஜூன் வரையிலோ திறக்க மாட்டார்கள். நாங்கள் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து ஏறினோம். கேம்பரில் வைத்திருக்கும் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கக்கூடிய பாரம் தண்ணீர் ஒன்றுதான். பேட்டரியைப் பாதி வழியில் இறக்க முடியாது, கட்டிலை இறக்க முடியாது. கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதுவரை 75 கிலோ மிச்சம். எங்கள் கடைசிக் குழாய் பிக் பைன் ஊரில்.

அந்த ஊரில் தண்ணீர் பிடிப்பது மனதைத் தொடும் காரியம். சுற்றிலும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. சியராவின் பனி உருகி வரும் நீரை 1913இலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 375 கிலோமீட்டர் கால்வாயிலும் குழாயிலும் கொண்டுபோகிறது. ஓவன்ஸ் ஏரி அதனால்தான் வற்றிப்போய் வெள்ளைப் புழுதியானது. குழாயடியில் ரப்பர் டியூபைப் பிடித்துக்கொண்டு தொட்டி நிரம்பும் சத்தத்தைக் கேட்டபடி மாமா ஒன்றும் பேசவில்லை. மோகனூர்ப் பக்கம் காவிரி மணலாகக் கிடந்த கோடைகளைப் பார்த்தவர் அவர்.

பிக் பைனிலிருந்து கிழக்கே ஒயிட் மவுன்டன்ஸ் மேலே ஏறுகிறது சாலை. 2,600 மீட்டரில் கிராண்ட்வியூ முகாம். பின்யோன் மரக்காடு, தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது. கூரையைத் தூக்கினோம். கூரை மேல் சூரியத் தகடு இருப்பதால் தள்ளுவது கனம். உதவிக்குக் கேஸ் ஸ்ட்ரட் வைத்திருக்கிறேன், இருந்தும் தோளைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கூரையில் வைக்கும் ஒவ்வொரு கிலோவையும் தினம் இரண்டு முறை தூக்கி இறக்கப்போவது நாம்தான் என்று நினைத்துக்கொண்டே எதையும் அங்கே பொருத்த வேண்டும்.

சமையலுக்கு மூன்று லிட்டர் குக்கர். வேறு எந்தப் பாத்திரத்தை விட்டாலும் இதை விட மாட்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். குக்கர் உள்ளே அழுத்தத்தை ஏற்றிக் கொதிநிலையை மேலே தள்ளுவதால் பருப்பு குழைந்தது. விசில் சத்தம் அந்தக் காட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியவில்லை. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த தம்பதி எழுந்து வந்து என்னவென்று கேட்டார்கள். அவர்களுக்கும் ரசம் சோறு கொடுத்தோம்.

உள்ளே சமைக்கும்போது கூரையின் காற்றுத் திறப்பைத் திறந்தே வைக்க வேண்டும், எவ்வளவு குளிராக இருந்தாலும். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வருகிறது. அதோடு சோற்றின் ஆவி, இரண்டு பேரின் மூச்சு. மூடி வைத்தால் விடிகாலையில் துணிச் சுவர் முழுக்க நீர் முத்து. அதைவிடப் பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு ஒரு எச்சரிக்கைக் கருவி தலைமாட்டில், கேஸ் கசிவுக்கு இன்னொன்று தரையை ஒட்டி. புரொபேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். இந்த இரண்டு கருவிகளின் எடையை நான் ஒருபோதும் கணக்கில் கழிக்க நினைத்ததில்லை. ஹீட்டரைக் கழற்றினால் ஒன்பது கிலோ மிச்சமாகும் என்று ஒரு சமயம் நினைத்தது உண்டு. எழுபது வயதுக்காரர் வருகிறார் என்றதும் அந்த எண்ணம் போய்விட்டது. அன்று இரவு வெளியே உறைநிலைக்கு நான்கு டிகிரி கீழே. அவர் போர்வையை உதறிவிட்டுத் தூங்கினார்.

பேட்டரி லித்தியம், 100 ஆம்பியர் மணி, 13 கிலோ. முன்பு ஈயப் பேட்டரி இருந்தது, 30 கிலோ. அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். மாற்றியதில் மிச்சமான 17 கிலோவை நான் 17 லிட்டர் தண்ணீராகத்தான் பார்க்கிறேன், இரண்டு பேருக்கு இரண்டு நாள். ஆனால் லித்தியத்துக்கு ஒரு குணம் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். அதனால் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் ஹீட்டர் காற்று படும் இடத்தில், இருக்கைக்குக் கீழே வைத்தேன். காலையில் வெயில் தகட்டில் விழும்போது பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது.

மேலே ஷூல்மன் தோப்பு. உலகின் மிகப் பழைய மரங்களில் சில அங்கே நிற்கின்றன, பிரிசில்கோன் பைன்கள். எட்மண்ட் ஷூல்மன் 1957இல் கண்டறிந்த மெதூசலா மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். எது அந்த மரம் என்று பலகை வைக்கவில்லை, வைத்தால் சிதைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த மரங்கள் சத்தில்லாத வெள்ளை டாலமைட் பாறையில் வளர்கின்றன. வயதாக ஆக, பெரும்பகுதி உடம்பைச் சாக விட்டு, பட்டை ஒரு கீற்றாக மட்டும் உயிரோடு ஏறுகிறது. அந்தக் கீற்றுக்குத் தேவையான இலைகள் மட்டும் மேலே பச்சையாக. மாமாவுக்கு மரம் தெரியும். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் லாரி பாடி மரத்தில்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு மரத்தின் இழை முறுக்கிப் போயிருந்ததையே பத்து நிமிஷம் பார்த்தார். தொடவில்லை.

அதன் பிறகு யூரேக்கா பள்ளத்தாக்கு வழியாக இறங்கினோம். கிராங்க்‌ஷாஃப்ட் கிராஸிங் என்ற சந்திப்பில் துருப்பிடித்த என்ஜின் தண்டுகள் கிடக்கின்றன, அவைதான் ஊர்ப்பலகை. அடுத்தது டெத் வேலியின் யூபிஹீபி எரிமலைப் பள்ளம். அங்கிருந்து ரேஸ்டிராக் போகும் மண் சாலை 43 கிலோமீட்டர்.

அந்தச் சாலை கேம்பரைச் சோதிக்கும் சாலை. தகரக் கூரையைத் தரையில் விரித்தது போல அலை அலையாக மண். காய்ந்த மண்ணில் சக்கரம் ஒரு வேகத்துக்கு மேல் உருண்டால் இந்த அலை தானாகவே எழும். நடுநடுவே கத்தி போன்ற கற்கள். கைபேசிக்குச் சிக்னல் இல்லை. டயர் கிழிந்தால் உதவி வர ஒரு நாளாகலாம், அதற்குக் கொடுக்கும் பணமும் பெரிது. பத்து அடுக்கு டயர்தான் போட்டிருக்கிறேன். பின் டயரில் காற்றை 60 பி.எஸ்.ஐ.யிலிருந்து 42க்கு இறக்கினோம். மணிக்கு இருபது கிலோமீட்டர்.

டீகெட்டில் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ஒரு தட்டல். பாத்திரம் என்று நான் நினைத்தேன். மாமா கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க மாப்ள. தொட்டியில இரும்பு இடிக்குது."

கேம்பர் டிரக்கோடு பிணைந்திருப்பது நான்கு டர்ன்பக்கிள்களால். தொட்டித் தரையில் துளையிட்டு வளைய போல்ட் போட்டு, அதையும் கேம்பரின் அடிப்பாகத்தையும் முறுக்கு இணைப்பால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் சின்னக் கதவுகளைத் திறந்து கை விட்டால் எட்டும். இடது முன் டர்ன்பக்கிள் தளர்ந்து தொங்கியது. கேம்பர் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தது. நான் அதை ஸ்பானரால் இறுக்கிக்கொண்டே போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். என் டிரக்கின் தொட்டி அலுமினியம். 2015இலிருந்து இந்த மாடலுக்கு அப்படித்தான். அளவுக்கு மீறி இறுக்கினால் வளைய போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். டிரக்கின் அடியில் படுத்து, போல்ட்டின் கீழே பெரிய இரும்புத் தகடு வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இருந்தது. கையால் இறுகும் வரை, அதன் பிறகு முக்கால் சுற்று, பூட்டு நட். கடைசியில் வேட்டிச் சுருளிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்து, நான்கு டர்ன்பக்கிளும் எதிர்ப்பக்கம் சுழல முடியாதபடி முறுக்கிக் கட்டினார். கட்டுக்கம்பியை அவர் எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. 200 கிராம் இருக்கும். என் 24 கிலோ பெட்டியில் அது இல்லை.

இப்போதும் புறப்பட்ட முதல் நாற்பது கிலோமீட்டரில் ஒரு முறை, மண் சாலை முடிந்ததும் ஒரு முறை நான்கு கதவையும் திறந்து கை வைத்துப் பார்க்கிறேன். கம்பி அப்படியே இருக்கிறது.

ரேஸ்டிராக் ஒரு காய்ந்த ஏரி. நான்கரைக் கிலோமீட்டர் நீளம், தட்டு போலச் சமம், வெடித்த களிமண். அதன் மேல் கற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்து வந்த தடம். சிலது நூறு மீட்டருக்கு மேல். நூறு வருஷத்துக்குக் கிட்ட யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. 2013 டிசம்பரில் ரிச்சர்ட் நோரிஸும் ஜேம்ஸ் நோரிஸும் கற்கள் நகர்வதை நேரிலேயே பார்த்தார்கள், அடுத்த வருஷம் எழுதினார்கள். மழைநீர் ஆழமில்லாமல் தேங்கி, இரவில் சில மில்லிமீட்டர் தடிப்புக்கு உறைகிறது. காலை வெயிலில் அந்தப் பனித்தகடு பெரிய பெரிய துண்டுகளாக உடைகிறது. மென்காற்று போதும், மிதக்கும் தகடு கல்லைத் தள்ளிக்கொண்டு நிமிஷத்துக்குச் சில மீட்டர் நகர்கிறது. ஜன்னல் கண்ணாடி அளவே தடித்த பனி.

இதை மாமாவுக்குச் சொன்னேன். அவர் ஒரு கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இது நூத்தி இருவது கிலோ வருமுங்க" என்றார். அவர் கண் தராசு தப்பாது. தடத்தோடு சேர்ந்து, அதை மிதிக்காமல், ஓரமாகவே அது தொடங்கிய இடம் வரைக்கும் நடந்து போனார். தூரத்தில் வெள்ளைச் சட்டை சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. திரும்பி வர முக்கால் மணி நேரம். வந்ததும் தண்ணீர் கேட்டார், இரண்டு டம்ளர் குடித்தார். அதற்கு அப்பாலுள்ள தண்ணீரில்லா முகாமில் அன்று தங்கினோம். கூரைத் துணியின் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம். பால்வீதி, பிறகு வெகுநேரம் கழித்து ஒரு நரி.

திரும்பும் வழி 395 நெடுஞ்சாலை. லோன் பைனுக்கும் இன்டிபென்டன்ஸுக்கும் நடுவே மன்சனார். 1942இலிருந்து 1945 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த முகாம். குற்றம் எதுவும் செய்யாதவர்கள், பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். வரும்போது கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்து வரலாம் என்று உத்தரவு. வீடு, கடை, படகு, வயல் எல்லாம் விட்டு வந்தார்கள். மறுபடி கட்டி வைத்திருக்கும் பலகைக் கொட்டகைகளுக்குள் மாமா போனார். இருபதடிக்கு இருபத்தைந்தடி அறை, எட்டுப் பேர். தரைப் பலகையின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். பச்சை மரத்தில் அடித்த பலகை காய்ந்து சுருங்கியிருக்கும், புழுதி முழுக்க உள்ளே வந்திருக்கும் என்றார். ஒரு வாரமாக எதை எடுப்பது, எதை விடுவது என்று நாங்கள் ஆசையாகப் பேசிவந்த பேச்சு அங்கே நின்றுபோனது. பிஷப் ஊர் வரும் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. அங்கே டீ குடிக்கும்போது, ஒரு மூட்டையில் என்ன எடுத்திருப்பாங்க என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டோம். நடுவில் ஒருமுறைதான் நிரப்பியிருந்தோம். பதினோரு லிட்டர் மிச்சம் இருந்தது. மாமா அதை வாளியில் பிடித்து, மகளின் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினார். வெயில் மறைப்பு இன்னும் கேரேஜ் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது.